சின்ன ரயிலுக்கு ஏற்ற பற்றவைப்புக் கருவி

"பொம்மை ரயில்தானே!" என்றார்கள், அறிவியல் கண்காட்சியில் எங்கள் மேசையைப் பார்த்தவர்கள். பொம்மையன்று! அமெரிக்க நீராவி எஞ்சின் ஒன்றை 87-இல் ஒரு பங்காகச் சுருக்கிப் பித்தளையில் செய்த மாதிரி அது. இந்த அளவுக்கு எச்.ஓ. என்று பெயர். தண்டவாளங்களின் இடைவெளி 16.5 மில்லிமீட்டர்தான். எங்கள் தோழி ஒருத்தியின் தந்தை கப்பலில் வேலை பார்க்கிறார். அவர் ஆசையாய் வாங்கி வந்ததை எங்களை நம்பிக் கொடுத்திருந்தார்.

கண்காட்சிக்கு இரண்டு நாள் முன்பு, கொதிகலன் பக்கத்திலிருந்த கைப்பிடிக் கம்பி கழன்றுவிட்டது. வானொலி பழுதுபார்க்கும் 25 வாட் சூட்டுக்கோலை வைத்தோம். கம்பி ஒட்டவில்லை. மேலே நன்றாக இருந்த குமிழ்தான் வழுக்கி விழுந்தது! எங்களில் ஒருத்தி அழுதே விட்டாள்.

ஏன் அப்படி? பற்றாசு என்பது வெள்ளீயமும் காரீயமும் கலந்தது. சுமார் 183 டிகிரி செல்சியசில் இளகத் தொடங்கும். பித்தளையோ வெப்பத்தை வேகமாகக் கடத்தும். நாம் தொட்ட இடம் சூடாவதற்குள் வெப்பம் உடலெங்கும் பரவி, பழைய ஒட்டுகளும் இளகிவிடுகின்றன.

இதற்கென்றே மின்தடைப் பற்றவைப்புக் கருவி இருக்கிறது என்று எங்கள் இயற்பியல் ஆசிரியை விளக்கினார். மின்னோட்டத்தின் இருமடிக்கும் மின்தடைக்கும் ஏற்ப வெப்பம் பிறக்கும் என்று ஜூல் 1841-இல் வெளியிட்ட விதியை நாம் படித்திருக்கிறோம் அல்லவா? அதுவேதான். ஒரு மின்மாற்றி 230 வோல்ட்டைச் சில வோல்ட்டுகளாகக் குறைக்கிறது. 100 வாட் கருவி 2 வோல்ட்டில் வேலை செய்தால் 50 ஆம்பியர் பாயும்! கரி முனை பித்தளையைத் தொடும் இடத்தில் மின்தடை மிகுதி. ஆகவே அங்கேதான் சூடு பிறக்கிறது. ஓரிரு நொடியில் பற்றாசு உருகிவிடும். சூடு பக்கத்துக் குமிழை எட்டுவதற்குள் வேலை முடிந்துவிடும்.

வாங்குகிறவர்கள் முதலில் வாட்டைத்தான் கேட்கிறார்கள். எச்.ஓ. அளவுக்கு 100 வாட் போதும். 48-இல் ஒரு பங்கான பெரிய ஓ அளவுக்கு 250 வாட் வேண்டியிருக்கும். ஆனால் சூட்டைக் கூட்டிக் குறைக்க வழியில்லாத பெரிய கருவி மெல்லிய கம்பியை நொடியில் பாழாக்கிவிடும்.

எங்கள் எண்ணத்தில் வாட்டைவிட முக்கியமானது கைப்பிடி. இடுக்கி வகையில் இரண்டு நுனிகளுக்கும் இடையே பொருளைப் பிடிக்கிறோம். தண்டவாளத்தில் மின்கம்பி சேர்க்க இது மிக நல்லது. பிளாஸ்டிக் கட்டைகள் உருகா. கொதிகலன் மேலுள்ள குமிழை இடுக்கியால் பற்ற முடியாதே! அதற்கு ஒற்றை முனை வகை வேண்டும். ஒரு கவ்வியை எஞ்சின் உடலில் மாட்டிவிட்டு, பென்சில் போன்ற கரி முனையால் தொட வேண்டும். கவ்வி சுத்தமான உலோகத்தை இறுக்கிப் பிடிக்காவிட்டால் அங்கே பொறி பறந்து பித்தளையில் குழி விழும். எஞ்சின் வேலை செய்பவர்கள் இரண்டு கைப்பிடிகளையும் மாற்றி மாட்டக்கூடிய கருவியைத் தேடுவது நல்லது.

கால் சுவிட்சு இல்லாததை வாங்கவே கூடாது. முனையை வைத்து அழுத்திக்கொண்ட பிறகே மின்சாரம் பாய வேண்டும். பற்றாசு உருகியதும் காலை எடுத்துவிட்டு, அது உறையும்வரை கையை அசைக்காமல் பிடித்திருக்கலாம். சாதாரணக் கோலை எடுக்கும்போது துண்டும் கூடவே வருகிறதே, அந்தத் தொல்லை இதில் இல்லை.

டிரான்சிஸ்டர் போன்ற நுண்ணிய பாகங்களுக்கு மட்டும் இது ஆகாது. மின்னோட்டம் அவற்றினூடே பாய்ந்து கெடுத்துவிடும்.

கருவி விலை அதிகம். எங்கள் சேமிப்போ மிகக் குறைவு. கடைசியில் குமிழை மெல்லிய இரும்புக் கம்பியால் கட்டி, சுற்றிலும் ஈரப் பஞ்சு வைத்து, பழைய கோலாலேயே ஒட்டினோம். கைப்பிடிக் கம்பியும் நின்றது. குமிழ்தான் இடப்பக்கம் சற்றுச் சாய்ந்திருக்கிறது. தோழியின் தந்தையிடம் உள்ளதைச் சொன்னோம். கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு, "அடுத்த பயணத்தில் அந்தக் கருவியின் விலையை விசாரிக்கிறேன்" என்றார்.