சாவி யாரிடம்?

ரோம் என்றதும் பளிங்கு மாளிகையைப் பேசுவர், பார் புகழும் சட்டத்தைப் பேசுவர், படை நடத்திய சீசரைப் பேசுவர். பேசட்டும்! நாம் பேச விரும்புவது, மண்ணுக்குள் மறைந்துகிடந்த ஒரு பள்ளிக்கூடத்தைப் பற்றி. ஏடு படிக்கும் பள்ளியல்ல. மக்கள் கண்டு களிக்க, மனிதனை மனிதன் வெட்டிச் சாய்க்கப் பழக்கிய பள்ளி. கிளாடியேட்டர் பள்ளி!

ஆஸ்திரியா நாட்டிலே, வியன்னாவுக்குக் கிழக்கே, டான்யூப் ஆற்றோரம் இருந்தது கர்னுண்டம் என்ற ரோமானிய நகரம். 2011ஆம் ஆண்டு அங்கே கண்டறியப்பட்டது அந்தப் பள்ளி. கடப்பாரை எடுக்கவில்லை, மண்வெட்டி தொடவில்லை. ரேடார் அலைகளைப் பூமிக்குள் செலுத்தினர், புதைந்த சுவர்கள் படமாக எழுந்தன! 2,800 சதுர மீட்டர்க் கட்டடம். நடுவே முற்றம். முற்றத்திலே 19 மீட்டர் குறுக்களவில் வட்டக் களம். அதன் மையத்தில், வாள்வீச்சுப் பழக ஒரு கம்பம். அடைபட்டுக் கிடக்கச் சிற்றறைகள். குளிக்கக் கூடம். குளிர் நாளிலும் பயிற்சி நிற்காதிருக்க, தரைக்கு அடியிலே அனல் பாய்ச்சிய மண்டபம்!

"அடிமைக்கு இத்தனை வசதியா?" என்று வியப்போர் உண்டு. துருக்கியிலே, எபேசஸ் நகரில் 1993இல் கிடைத்த கிளாடியேட்டர் இடுகாட்டையும் காட்டுவர். எலும்பு முறிவுகள் செம்மையாக ஆறியிருக்கின்றனவாம். வாற்கோதுமையும் பயறும் வயிறார உண்டனராம். உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால், அதே இடுகாட்டு மண்டையோடுகளிலே, உயிர் குடித்த சூலாயுதத்தின் துளையும் இருக்கிறதே! அதற்கென்ன பதில்?

வண்டிக்காரன் மாட்டுக்கு லாடம் அடிப்பது மாட்டின்மீது கொண்ட மையலாலா? வண்டி ஓட வேண்டுமே, அதற்காக! போர்க்கைதி, அடிமை, தண்டனை பெற்றவன், வயிற்றுக்காகத் தன்னையே ஒப்படைத்தவன், எல்லோருமே பள்ளி முதலாளியின் கணக்கேட்டிலே முதலீடு. புண்ணுக்கு மருந்திட்டான், பொருள் கெடாதிருக்க!

இத்தாலியின் காப்புவா நகரப் பள்ளியிலும் சோறு போட்டார்கள். ஆனால் கி.மு. 73இல், ஸ்பார்ட்டகசும் எழுபதுக்கு மேற்பட்ட தோழர்களும் சமையற்கட்டுக் கத்திகளையே படைக்கலமாக்கி வெளியேறினர். ஆதிக்கபுரி ஆட்டங்கண்டது! கி.மு. 71இல், பிடிபட்ட 6,000 பேரைச் சிலுவைகளில் அறைந்தனர், காப்புவாவிலிருந்து ரோம் வரை, சாலையோரமெங்கும்.

உண்ண உணவிருந்தும் ஏன் ஓடினர்? தோழர்களே! வெதுவெதுப்பான தரையா, வயிறு நிறைய உணவா என்பதல்ல கேள்வி. சிற்றறைக் கதவின் சாவி யார் கையில் என்பதே கேள்வி! அன்று அது முதலாளியின் இடுப்பிலே இருந்தது. அந்த ஒன்றை மட்டும், மண்ணைத் துளைத்த ரேடாரும் படம் பிடிக்கவில்லை. மனிதனுக்கு அது படமின்றியே புரிந்தது.