5 வாட் போதும், இரும்பு இருந்தால்

வீட்டில் பாட்டுக் கேட்க 5 வாட் வால்வு ஆம்ப்ளிஃபயர் போதுமா என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். போதும், ஸ்பீக்கர் ஒத்துழைத்தால். 1 வாட் கொடுத்தால் 1 மீட்டர் தள்ளி எத்தனை டெசிபல் கேட்கும் என்று ஸ்பீக்கரின் விவரத்தாளில் போட்டிருப்பார்கள். பிபிசி வடிவமைத்த எல்எஸ்3/5ஏ மாதிரி சின்னப் பெட்டிக்கு அது ஏறக்குறைய 83. பெரிய ஹார்ன் ஸ்பீக்கர்களில் 100-ஐத் தாண்டும். 93 டெசிபல் ஸ்பீக்கரில் 5 வாட் எழுப்பும் சத்தத்துக்கு, 83 டெசிபல் ஸ்பீக்கர் 50 வாட் கேட்கும்.

300பி வால்வைச் சுற்றி எழுப்பப்படும் ஆரவாரத்தையும் இந்தக் கணக்கில் வைத்துப் பாருங்கள். இஎல்84 வால்வு ஒன்று தரும் 5 வாட்டைவிட 300பி-யின் 8 வாட் 2 டெசிபல்தான் கூடுதல். விலை பல மடங்கு. 1930-களில் வெஸ்டர்ன் எலக்ட்ரிக் இந்த வகை வால்வுகளைக் கொண்டு சினிமாக் கொட்டகைகளை ஒலிக்க வைத்தது உண்மை. அங்கே பாதி வேலையைச் செய்தவை ராட்சத ஹார்ன்கள். வரலாறு இவ்வளவு போதும்.

என்னைக் கவர்வது வால்வே அல்ல. அதற்குப் பின்னால் இருக்கும் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர். இஎல்84 அதிக வோல்ட்டேஜையும் கொஞ்சம் கரண்ட்டையும் தருகிறது. அதற்கு 5200 ஓம் சுமை வேண்டும். ஸ்பீக்கரோ 8 ஓம். இரும்பின் மேல் முதல் சுருளில் இருபத்தைந்து சுற்றுக்கு இரண்டாம் சுருளில் ஒன்று என்று கம்பி சுற்றினால் இரண்டும் பொருந்திவிடும். அடிபம்பில் நடப்பதும் இதுதான்: நீளமான கைப்பிடி சுலபமாக அதிக தூரம் போகிறது, உள்ளே கம்பி கொஞ்சமே நகர்ந்து பெரிய பாரத்தைத் தூக்குகிறது.

ஒரு பக்கத்துக்கு ஒரே பவர் வால்வு வைக்கும் சிங்கிள் எண்டட் அமைப்பில் ஒரு சங்கடம் உண்டு. பாட்டு ஓடாவிட்டாலும் 48 மில்லி ஆம்பியர் டிசி கரண்ட் அந்த முதல் சுருள் வழியே போய்க்கொண்டே இருக்கும். யாரோ கைப்பிடியில் தொங்கிக்கொண்டே இருப்பதுபோல, இரும்பு ஒரு பக்கமாகக் காந்தமேறி நிற்கும். மிச்சமுள்ள வீச்சு குறைந்துபோகும். இதற்காக இரும்புத் தகடுகளுக்கு நடுவே காகிதத் துண்டு வைத்து ஒரு மெல்லிய இடைவெளி விடுகிறார்கள். பாரம் இறங்கிவிடும். ஆனால் இண்டக்டன்ஸ் குறையும். பம்பில் வாஷர் தேய்ந்தால் என்ன ஆகும்? வேகமாக அடித்தால் தண்ணீர் வரும், மெதுவாக அடித்தால் வந்த தண்ணீர் ஓரமாகக் கசிந்து கீழே இறங்கிவிடும். அப்படியே வேகமாக அதிரும் வயலின் கணீரென்று வரும், மெதுவாக அதிரும் மிருதங்கத்தின் தொப்பி மட்டும் ஒழுகிப்போகும். பம்புக்கு வாஷர் மாற்றலாம்; இங்கே இடைவெளியை மூட முடியாது. இரும்பையும் சுற்றுகளையும் கூட்டுவது ஒன்றே வழி. இரண்டுக்கும் காசு வேண்டும். மலிவான ஆம்ப்ளிஃபயர்கள் மிச்சம் பிடிப்பது இங்கேதான்.

அட்டையில் போடும் 5 வாட் பெரும்பாலும் 1000 ஹெர்ட்ஸில் அளந்தது. அதே வோல்ட்டேஜுக்கு 40 ஹெர்ட்ஸில் இரும்பு 25 மடங்கு காந்தப் பாயத்தைத் தாங்க வேண்டும். எனவே கடையில் 40 ஹெர்ட்ஸில் எத்தனை வாட் என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் மூடியைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். உள்ளே பவர் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று, அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் இரண்டு இருக்கும். அவுட்புட் ஒவ்வொன்றும் பவரில் கால்வாசி அளவுகூட இல்லையென்றால், வால்வு எந்த ஊர்ச் சரக்காக இருந்தாலும் வாங்காதீர்கள்.