கீமோவுக்கு ஏன் இத்தனை தவணை?

“மருந்து முழுவதையும் ஒரே நாளில் ஏற்றிவிடக் கூடாதா?” கீமோதெரபி எடுப்பவர்களின் வீட்டார் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. பதில், செல் பிரியும் விதத்தில் இருக்கிறது.

ஒரு செல் இரண்டாவதற்குள் நான்கு கட்டங்களைத் தாண்டுகிறது. ஜி1 கட்டத்தில் வளர்கிறது. எஸ் கட்டத்தில் டி.என்.ஏ.வைப் படியெடுக்கிறது, ஜி2 கட்டத்தில் பிளவுக்குத் தயாராகிறது, எம் கட்டத்தில் பிளக்கிறது. வேகமாகப் பெருகும் மனித செல்லுக்கு இந்தச் சுற்று முடிய ஏறத்தாழ 24 மணி நேரமாகும். அதில் படியெடுக்க சுமார் 8 மணி நேரம். பிளக்க ஒரு மணி நேரம்தான்.

பல மருந்துகள் ஏதாவது ஒரு கட்டத்தைத்தான் பிடிக்கும். மெத்தோட்ரெக்ஸேட் டி.என்.ஏ.வுக்கு வேண்டிய மூலப்பொருள் உருவாவதைத் தடுப்பதால், எஸ் கட்டத்தில் இருக்கும் செல் மாட்டுகிறது. நித்தியகல்யாணிச் செடி தரும் வின்கிரிஸ்டின் பிளவின்போது தாக்குகிறது. குரோமோசோம்களை இரு பக்கமும் இழுக்க, டியூபுலின் என்ற புரதம் கோத்துக்கொண்டு நுண்குழாயாக நீளவேண்டும். வின்கிரிஸ்டின் டியூபுலினைப் பற்றிக்கொண்டால் குழாய் உருவாகாது. பிரிய வழியில்லாத செல் மடியும். பசிபிக் யூ மரப்பட்டையில் கண்டெடுத்த பாக்லிடாக்செல் நேர்மாறாக, உருவான குழாயைக் கலையவிடாமல் இறுக்கிவிடும். சிஸ்பிளாட்டின் டி.என்.ஏ.வையே சேதப்படுத்துவதால் எந்தக் கட்டத்திலும் தாக்கும்.

இனி கணக்கைப் பாருங்கள். 24 மணி நேரத்தில் ஒரு மணி நேரம் என்றால், ஒரு சமயத்தில் நூற்றுக்கு நான்கு செல்கள்தான் பிளவில் இருக்கும். மற்றவை தப்பும். பிரியாமல் ஓய்ந்திருக்கும் செல்கள் இன்னும் எளிதாகத் தப்பும். இங்கே மருந்தின் அளவைக் கூட்டுவதைவிட, நேரத்தை நீட்டுவதே பலன் தரும். கடும் மைலாய்டு ரத்தப் புற்றுநோய்க்கு சைட்டராபினை இரவு பகலாக 7 நாள் டிரிப்ஸில் ஏற்றுவது இதனால்தான். அது எஸ் கட்டத்தில் மட்டுமே வேலை செய்யும். ரத்தத்தில் சீக்கிரம் சிதைந்தும்விடும்.

அப்படியானால் நடுவில் இடைவெளி ஏன்? எலும்பு மஜ்ஜை, முடிவேர், வாய், குடல் ஆகியவற்றின் நல்ல செல்களும் வேகமாகப் பிரிபவை. மருந்து அவற்றையும் தாக்கும். பல மருந்துகளில் 7 முதல் 14 நாளுக்குள் வெள்ளையணுக்கள் மிகவும் குறைந்து, மூன்று வாரத்தில் மீளும். 21 நாள் தவணை அந்த மீட்சிக்காகவே.

மீதமிருக்கும் புற்றுச் செல்களும் அதே நாட்களில் பெருகும். எனவே, உடம்பு தெம்பாகிவிட்டது என்று தவணையை நீங்களே தள்ளிப்போடாதீர்கள். வெள்ளையணுக்கள் குறைந்திருக்கும் சமயம் என்பதால், நடுவில் காய்ச்சல் வந்தால் நள்ளிரவானாலும் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.