தண்ணி போகும், உப்பு போகாது!

பிள்ளையார்பாளையத்தில், தறிச் சத்தம் கேட்கிற தெருவில் ஒரு மாடி ரூம். நான் தனிக்கட்டை. காஞ்சிபுரத்தில் மீன் குழம்பா என்று புருவத்தை உயர்த்தாதீர்கள் ஸார்... ஊரில் கோயில் இருக்கிற மாதிரி மீன் மார்க்கெட்டும் இருக்கிறது!

போன மாதம் ஊரிலிருந்து அப்பா வந்தார். அம்மா போன பிறகு மனுஷர் சரியாகச் சாப்பிடுவதே இல்லை. சுண்ட வெச்ச மீன் குழம்பு, வஞ்சிர வறுவல் என்று ஜம்பமாக இறங்கினேன். முதல் நாள் குழம்பு பிரமாதம். மறுநாள் அதையே பாதியாகச் சுண்ட வைத்தேன். வாயில் வெச்சா, மாமல்லபுரம் கடல்!

கீழ்வீட்டு அக்கா சிரித்தார். "தண்ணி ஆவியாப் போயிடும் தம்பி, உப்பு எங்க போகும்?"

அதானே! பாதியாக வற்றினால் உப்பும் புளிப்பும் இரண்டு மடங்கு. சுண்ட வைக்கப் போகிற குழம்பை உப்பு போடும் முன்பே தனியாக எடுத்து வெச்சுடணும். மீன் துண்டு வேண்டாம், உடைஞ்சு போகும். மண்சட்டி, சின்னத் தீ, மூடி கூடாது. ஓரத்தில் எண்ணெய் பிரிந்து, கரண்டி முதுகில் ஒட்டும்போது உப்பு போட்டு இறக்கணும்.

பிரெஞ்சுக்காரர்கள் எலும்புச் சாறை இப்படித்தான் வற்ற வைத்து, 'டெமி கிளாஸ்' என்று வறுத்த கறி மேல் ஊற்றுகிறார்கள். எஸ்காஃபியே என்கிற சமையல்காரர் 1903-லேயே சமையல் புத்தகம் போட்டுவிட்டார். நம்ம பாட்டிகள் எழுதி வைக்கவில்லை, அவ்வளவுதான்!

மறுபடி செய்தேன். அப்பா வறுவலைக் குழம்பில் தொட்டுத் தொட்டுச் சாப்பிட்டார். ஒரு வார்த்தை பேசவில்லை. கடைசியில் காலிச் சட்டியில் சோற்றைப் போட்டு, பிசைந்து வழித்தார்.

எனக்குக் குழம்பு மிச்சமில்லை. தயிர் இருந்தது.