பிடிக்கவும் வேண்டும், விடவும் வேண்டும்!



கதவின் கீலைக் கழற்றி மறுபடி மாட்டும் தச்சரைப் பார்த்திருக்கிறீர்களா? பழைய துளையிலேயே திருகாணியைச் செலுத்தினால் அது பிடிக்காமல் வெறுமனே சுற்றும். தச்சர் ஒரு தீக்குச்சியை ஒடித்துத் துளைக்குள் செருகுவார். பிறகு திருகாணி இறுகிக்கொள்ளும். மரத்துக்குள் திருகாணி எப்படிப் பிடிக்கிறது என்பது சின்ன விஷயம்தான். ஆனால் கதவுக்குப் பதில் ஒரு மனிதரின் கால் அந்தத் திருகாணிகளை நம்பியிருந்தால்? பனிமலையில் சறுக்கி விளையாடுவோரின் நிலை இதுதான். அவர்களுக்கு இதில் ஒரு சுவையான சிக்கல் உண்டு. அதை இயற்பியல் கண்ணோடு பார்ப்போமா?

ஏறுவது வேறு, இறங்குவது வேறு

பனிச்சறுக்குப் பலகையை 'ஸ்கீ' என்பார்கள். உள்ளே மரம், அதன் மேலும் கீழும் கண்ணாடியிழை அடுக்கு, ஓரங்களில் எஃகுப் பட்டை, அடியில் வழவழப்பான பாலிஎத்திலீன் தகடு. ஸ்கீயின் அமைப்பு பொதுவாக இதுவே. சறுக்குபவர் அணிந்துள்ள கனத்த பூட்சை இந்தப் பலகையோடு சேர்க்கும் கருவிக்குப் 'பைண்டிங்' என்று பெயர். நாம் அதைப் பிணைப்பு என்போம்.

ஐரோப்பாவின் ஆல்ப்ஸ் மலைகளில் பலர் கம்பிவட ஊர்தியில் உச்சிக்குப் போய்ச் சறுக்கி இறங்குவார்கள். வேகமாக இறங்கும்போது பலகையைத் துல்லியமாகத் திருப்ப வேண்டும். ஆகவே பூட்சின் முனையையும் குதிகாலையும் பிணைப்பு இறுகப் பற்றியிருக்கும். இதுவே 'ஆல்பைன்' பிணைப்பு.

வேறு சிலர் ஊர்தியை நாடாமல் தம் கால்களாலேயே மலை ஏறி, பிறகு சறுக்கி இறங்குவார்கள். இதற்கு 'டூரிங்' என்று பெயர். ஏறும்போது பலகையின் அடியில் ஒரு மயிர்ப்பட்டையை ஒட்டிக்கொள்வார்கள். முன்னாளில் அது கடல்நாயின் தோல். இன்று அங்கோரா ஆட்டின் மயிராலோ நைலானாலோ செய்கிறார்கள். மயிர் பின்னோக்கிச் சாய்ந்திருப்பதால் பலகை முன்னே வழுக்கிச் செல்லும், பின்னே வழுக்காது. பூனையின் முதுகைத் தலையிலிருந்து வாலை நோக்கித் தடவிப் பாருங்கள், பிறகு எதிர்ப்பக்கமாகத் தடவிப் பாருங்கள். திசைக்கேற்ப உராய்வு மாறுவது புரியும்!

ஆனால் குதிகால் பலகையோடு பிணைந்திருந்தால் நடப்பது எப்படி? ஆகவே டூரிங் பிணைப்பு ஏறும்போது குதிகாலை விடுவித்து, இறங்கும்போது பற்றிக்கொள்கிறது.

மூன்று மனிதர்கள்

நார்வே நாட்டின் டெலிமார்க் பகுதியில் பிறந்தவர் சோந்ரே நூர்ஹைம். முறுக்கிய மரவேர்களைக் குதிகாலைச் சுற்றிக் கட்டி, பலகை காலை விட்டு நழுவாமல் செய்தார். 1868இல் இன்றைய ஆஸ்லோ நகரில் நடந்த போட்டியில் அவருடைய திறமையைக் கண்டு எல்லோரும் வியந்தார்கள். காலைப் பிடிப்பது எப்படி என்ற கேள்விக்கு அவர் விடை சொன்னார்.

காலை விடுவது எப்படி என்ற கேள்வி பின்னர்தான் எழுந்தது. நார்வேயில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த யால்மர் வாம் ஒரு சிறந்த சறுக்கு வீரர். 1937இல் சறுக்கும்போது அவருடைய கால் முறிந்தது. விழும்போது பலகை காலை விட்டுக் கழன்றிருந்தால் எலும்பு தப்பியிருக்கும் அல்லவா? மருத்துவமனையில் இருந்தபோதே அதற்கான கருவியை எண்ணத் தொடங்கினார். தானே விடுபடும் பிணைப்பு இப்படித்தான் பிறந்தது.

மூன்றாமவர் ஆஸ்திரியாவின் டைரோல் பகுதியைச் சேர்ந்த பிரிட்ஸ் பார்த்தெல். கனமான கருவிகளைச் சுமந்து ஏறிச் சலித்த அவர், 1980களில் 'ஊசிப் பிணைப்பை' உருவாக்கினார். பூட்சின் முனையில் இருபுறமும் சிறு குழிகள். அவற்றில் இரண்டு எஃகு ஊசிகள் நுழைந்து பற்றிக்கொள்ளும். அந்த ஊசிகளே கீலாகவும் வேலை செய்யும். பூட்சே கருவியின் ஒரு பகுதியாகிவிட்டதால் பிணைப்பில் பெரும்பகுதி உலோகம் தேவையற்றுப் போயிற்று!

எலும்புக்கு ஒரு கணக்கு

நீண்ட பலகை ஒரு பெரிய நெம்புகோல். அதன் முனை பனியில் சிக்கித் திரும்பினால், சிறு விசைகூட முழங்காலுக்குக் கீழே உள்ள எலும்பில் பெரிய திருப்புத்திறனை உண்டாக்கும். திருப்புத்திறன் என்பது விசையையும், அச்சிலிருந்து அந்த விசைக்குள்ள செங்குத்துத் தொலைவையும் பெருக்கி வருவது. இதை வகுப்பில் படித்திருப்பீர்கள்.

நடுத்தர எடையுள்ள ஒருவருக்குப் பிணைப்பு சுமார் 50 நியூட்டன் மீட்டர் முறுக்கலில் பக்கவாட்டில் விட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். பூட்சின் முனை அச்சிலிருந்து 25 சென்டிமீட்டர் தொலைவில் இருந்தால், அங்கே செயல்பட வேண்டிய விசை 50 ÷ 0.25 = 200 நியூட்டன். ஏறத்தாழ 20 கிலோகிராம் பொருளின் எடை! அந்த விசை வரும்வரை பிணைப்பில் உள்ள சுருள்வில் தாங்கும், மீறினால் விட்டுவிடும். முன்னோக்கி விழும்போது மட்டும் இதைப்போல் சுமார் நான்கு மடங்கு திருப்புத்திறன் வரை தாங்கும்படி அமைக்கிறார்கள். ஏன் தெரியுமா? நீண்ட எலும்பு வளைவைத் தாங்கும் அளவுக்கு முறுக்கலைத் தாங்காது. கரும்பலகையில் எழுதும் சாக்குக்கட்டியை இரு கைகளாலும் முறுக்கிப் பாருங்கள். எவ்வளவு எளிதாக உடைகிறது! உடைந்த முகமும் சாய்ந்த சுருளாக இருக்கும்.

சுருள்வில்லின் இறுக்கத்தைக் காட்டும் அளவுகோல் ஒன்று பிணைப்பின் மேல் இருக்கும். ஜெர்மானியத் தர நிறுவனத்தின் பெயரால் அதை 'டின்' எண் என்பார்கள். எடை, உயரம், வயது, திறமை, பூட்சின் அடிநீளம் ஆகியவற்றைப் பார்த்து அதை அமைப்பார்கள். அடிநீளம் எதற்கு என்று கேட்கிறீர்களா? மேலே செய்த வகுத்தலை மீண்டும் பாருங்கள். நீளம் கூடினால் அதே திருப்புத்திறனுக்குத் தேவையான விசை குறையும். எண்ணும் குறைய வேண்டும்.

எடை ஏன் உறுத்துகிறது?

ஓர் ஆல்பைன் பிணைப்பு சுமார் 1 கிலோகிராம் இருக்கும். ஊசிப் பிணைப்புகள் பலவும் 300 முதல் 600 கிராம்தான். ஒரு காலுக்கு 600 கிராம் வேறுபாடு என்று கொள்வோம். இரு கால்களுக்கும் 1.2 கிலோகிராம். 1,000 மீட்டர் உயரம் ஏறினால் கூடுதல் வேலை 1.2 × 9.8 × 1,000 = 11,760 ஜூல்.

இதோடு முடிந்ததா? இல்லை. ஒவ்வோர் அடியிலும் நின்றிருந்த கால் வேகம் பெற்று மறுபடி நிற்கிறது. காலின் வேகம் நொடிக்கு 2 மீட்டர் என்றால், கூடுதல் 0.6 கிலோகிராமுக்கான இயக்க ஆற்றல் ½ × 0.6 × 2² = 1.2 ஜூல். 10,000 அடி நடந்தால் 12,000 ஜூல்! உயரத்துக்குச் செய்த கூடுதல் வேலைக்கு ஈடான இன்னொரு பங்கு இது. முதுகுப்பையில் உள்ள எடைக்கு இந்த இரண்டாம் பங்கு அநேகமாக இல்லை. மலையேறுவோர் காலில் உள்ள எடையைக் கண்டு அஞ்சுவதற்குக் காரணம் இதுவே.

ஒரே பலகையில் இரண்டும்

இப்போது சிக்கலுக்கு வருவோம். இறங்குவதற்கு ஆல்பைன் பிணைப்பின் உறுதி வேண்டும். ஏறுவதற்கு ஊசிப் பிணைப்பின் இலேசு வேண்டும். இரண்டு ஜோடி பலகைகள் வாங்கப் பணம் அதிகம். ஒரே ஜோடியில் வேண்டியபோது வேண்டியதை மாட்டினால் என்ன?

இங்கேதான் நம் தச்சரின் தீக்குச்சி நினைவுக்கு வருகிறது. பிணைப்புகளைப் பலகையில் பொருத்தும் திருகாணிகள் சுமார் 5.5 மில்லிமீட்டர் விட்டம் உள்ளவை. அவை மரத்தையும் இழையையும் வெட்டித் தமக்கென மரை அமைத்துக்கொள்ளும். கழற்றிக் கழற்றி மாட்டினால் அந்த மரை தேய்ந்து பொடியாகும். ஒருநாள் விழும்போது பூட்சு விடுபடுவதற்குப் பதில் பிணைப்பே பலகையிலிருந்து பிய்ந்து வரும்.

இதற்கான விடை, மரையுள்ள எஃகுக் குழல். வெளிவிட்டம் சுமார் 8 மில்லிமீட்டர். வெளியே மரத்தைப் பற்றும் மரை, உள்ளே 5 மில்லிமீட்டர் இயந்திரத் திருகாணிக்கான மரை. பலகையில் துளையிட்டு, மரை வெட்டி, எப்பாக்சிப் பசையோடு இக்குழலைச் செலுத்திவிடுவார்கள். அதன்பின் அது அசையாது. திருகாணி எத்தனை முறை வந்து போனாலும் எஃகு எஃகோடுதான் உராயும். மரத்துக்குத் தேய்மானம் இல்லை.

இன்னொரு நன்மையும் உண்டு. மரத்தைப் பற்றும் பரப்பு விட்டத்தையும் ஆழத்தையும் பொறுத்தது. ஆழம் ஒன்றே என்றால் 8 ÷ 5.5, அதாவது ஏறத்தாழ ஒன்றரை மடங்கு பரப்பு கிடைக்கிறது. பிடிப்பும் கூடுகிறது.

கவனம் தேவைப்படும் இடங்கள்

முதலாவது, ஆழம். துளை 10 மில்லிமீட்டர் அளவே இருக்கலாம். பலகையோ மிக மெல்லியது. சற்றே தவறினால் துரப்பணம் அடித்தகட்டைத் துளைத்து வெளியே வந்துவிடும்! ஆகவே துரப்பணத்தில் ஒரு தடுப்பு வளையத்தை மாட்டிக்கொள்வார்கள்.

இரண்டாவது, இடம். இரு பிணைப்புகளின் துளைகளும் ஒரே இடத்தில் அமைவதில்லை. துளைகள் மிக நெருங்கினால் இடையிலுள்ள மரம் பலமிழக்கும். மையத்துக்கு மையம் ஒரு சென்டிமீட்டராவது வேண்டும் என்பது பட்டறைக்காரர்களின் வழக்கம். இடம் போதாவிட்டால், இரண்டுக்கும் துளையுள்ள இடைத்தகடு ஒன்றை நிலையாகப் பொருத்துவதும் உண்டு.

மூன்றாவது, திருகாணியின் நீளம். நீளம் கூடினால் அது குழலின் அடியில் முட்டி நிற்கும். கைக்கு இறுகிவிட்டதாகத் தோன்றும். பிணைப்போ தளர்ந்தே இருக்கும். சறுக்கும்போது ஏற்படும் அதிர்வால் திருகாணி கழலாமலிருக்க, மரையில் மென்மையான பூட்டுப்பசை ஒரு துளி இடுவார்கள்.

நான்காவதுதான் மிக முக்கியம். பிணைப்பை மாற்றினால் பாதுகாப்பும் மாறுகிறது! ஆல்பைன் பிணைப்பு பொதுவாக முனையில் பக்கவாட்டாக விடும். ஊசிப் பிணைப்புகள் பலவும் குதிகாலில் பக்கவாட்டாக விடும். டூரிங் பூட்சின் ரப்பர் அடியை ஆல்பைன் பிணைப்பில் அப்படியே மாட்டினால், உராய்வு கூடி விட வேண்டிய நேரத்தில் விடாமல் போகலாம். ஆகவே எந்தப் பூட்சு எந்தப் பிணைப்புக்கு உரியது என்று பார்த்தாக வேண்டும். மாற்றும் ஒவ்வொரு முறையும் பூட்சின் நீளத்துக்கேற்ப இடைவெளியையும் சுருள்வில்லையும் சரிபார்க்க வேண்டும். அளவுகோலில் உள்ள எண் சரியாக இருந்தால் மட்டும் போதாது. எத்தனை நியூட்டன் மீட்டரில் விடுகிறது என்பதைப் பட்டறையில் கருவி வைத்தே அளப்பார்கள். ஏறும்போது ஊசிகளைப் பூட்டிவைத்தவர், இறங்குமுன் பூட்டைத் திறக்க மறந்தால் என்ன ஆகும் என்பதை நீங்களே சொல்லிவிடுவீர்கள்.

இவ்வளவு தொல்லை எதற்கு என்று எண்ணியோ என்னவோ, முனையில் ஊசியும் ஆல்பைன் பற்றும் சேர்ந்த ஒரே பிணைப்பைச் சில நிறுவனங்கள் உருவாக்கின. 2018இல் வந்த 'ஷிப்ட்' அத்தகையது. ஆனால் அது ஊசிப் பிணைப்பைவிடக் கனமானது. ஒன்றைப் பெற்றால் மற்றொன்றில் சிறிது விட்டுக்கொடுக்கத்தான் வேண்டும்!

நீங்களும் செய்து பாருங்கள்

மென்மரத் துண்டு ஒன்றில் ஒரு திருகாணியைச் செலுத்துங்கள். அதைக் கழற்றி அதே துளையில் மறுபடி செலுத்துங்கள். இப்படிப் பத்து முறை செய்து, ஒவ்வொரு முறையும் இறுக்கத் தேவைப்பட்ட முயற்சியைக் கையால் உணருங்கள். எத்தனையாவது முறையில் பிடி தளர்ந்தது? பிறகு தீக்குச்சியின் குச்சியை மட்டும் துளையில் செருகி மீண்டும் முயலுங்கள். கண்டதைக் குறிப்பேட்டில் எழுதுங்கள்.

அடுத்த முறை திருகாணி ஒன்றைக் கையில் எடுக்கும்போது நினைத்துக்கொள்ளுங்கள். திருகாணி விடாமல் பிடிக்க வேண்டும். சுருள்வில் வேண்டிய நேரத்தில் விட வேண்டும். இந்த இரண்டில் ஒன்று தன் வேலையை மறந்தாலும், முறிவது எலும்பு.