எழுத்துருவும் எழுத்தும்

கல்லூரித் தமிழ்த்துறை மலர் ஒன்றுக்குக் கட்டுரை வேண்டிக் கடிதம் எழுதிப் பாருங்கள். மூத்த பேராசிரியர் கோடிட்ட தாளில் அழகாகக் கையால் எழுதித் தருவார். அவருக்கு இளையவர், தாம் பழகிய பாமினி எழுத்துருவில் தட்டிய கோப்பைப் பென்டிரைவில் கொண்டு வருவார். முதலாம் ஆண்டு மாணவி கைப்பேசியில் தட்டி வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவார். கோட்டைப்பட்டினத்திலோ மீமிசலிலோ பிறந்து வளைகுடா நாட்டில் பணியாற்றும் முன்னாள் மாணவர், பழைய கோப்பிலிருந்து எடுத்து மின்னஞ்சலில் ஒட்டி அனுப்பிய கட்டுரையைத் திறந்தால், ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் அடைப்புக்குறிகளும் கலந்து பொருளின்றி நிற்கும். நால்வரும் எழுதியது நல்ல தமிழே. ஆயினும் பொறியின் கணக்கில் அவை ஒரே தமிழ் அல்ல. இந்நிலை எவ்வாறு நேர்ந்தது, அன்றாட வேலையில் இதனைக் கடப்பது எங்ஙனம், எழுதுவோர் எதனைத் தேர்ந்துகொள்வது என்பவற்றைச் சற்று விரிவாகக் காண்போம்.

கணினிக்கு எழுத்துத் தெரியாது. எண் ஒன்றே தெரியும். ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண்ணை நாம் குறித்துக் கொடுக்கிறோம். அவ்வெண்ணுக்குரிய வடிவத்தைத் திரையில் வரைந்து காட்டுவது எழுத்துரு. முன்னாளைய கணினிகளில் இவ்வாறு குறிப்பதற்கு இருந்த இடங்கள் மொத்தம் 256. அவற்றுள் முதற்பாதியை ஆங்கிலம் ஏற்கெனவே பிடித்துக்கொண்டது. தமிழுக்கோ 247 எழுத்துகள். கிரந்த எழுத்துகள் வேறு. எனவே கணினியில் தமிழைக் காண விழைந்தோர் ஓர் உத்தி செய்தனர். ஆங்கில எழுத்தின் எண்ணை அப்படியே வைத்துக்கொண்டு, அதன் வடிவத்தை மட்டும் நீக்கி, அவ்விடத்தில் தமிழ் வடிவத்தை வரைந்தனர். பாமினி எழுத்துருவில் ‘அம்மா’ என்று தட்டினால் திரையில் தெரிவது அம்மா. கணினி நினைவில் வைத்துக்கொள்வதோ எம், கே, அரைப்புள்ளி, கே, எச். எழுத்துரு என்னும் வேடம் கலைந்தால் உள்ளிருக்கும் ஆங்கிலம் வெளிப்பட்டுவிடும். வளைகுடாவிலிருந்து வந்த கட்டுரைக்கு நேர்ந்தது இதுவே.

இவ்வுத்தியை இன்று குறை கூறுவது எளிது. அன்று அதுவும் இல்லையேல் கணினியில் தமிழே இல்லை. 1930-களில் யாழ்ப்பாணத்து ஆர். முத்தையா தமிழ்த் தட்டச்சுப்பொறியை உருவாக்கியபோதும், குறைந்த பொத்தான்களில் நிறைந்த எழுத்துகளை அடக்கும் இதே இடர்ப்பாட்டோடுதான் போராடினார். அவர்தம் வழியில் மலேசியாவின் முத்து நெடுமாறன் முரசு மென்பொருளையும், கு. கல்யாணசுந்தரம் மயிலை எழுத்துருவையும் ஆக்கினர், சிங்கப்பூரின் நா. கோவிந்தசாமி தமிழை இணையத்தில் ஏற்றப் பாடுபட்டார். தமிழகத்தின் அலுவலகங்கள் பல விழித்துக்கொள்ளும் முன்னரே கடல் கடந்த தமிழர் இப்பணியில் இறங்கிவிட்டனர் என்பதைப் பதிவு செய்வது கடமையாகும்.

சிக்கல் உத்தியில் இல்லை, ஒற்றுமையின்மையில் இருந்தது. ஒவ்வொருவரும் தமக்குத் தோன்றிய இடத்தில் தமக்கு வேண்டிய எழுத்தை வைத்தனர். ஓர் எழுத்துருவில் ககரம் இருந்த எண்ணில் மற்றொன்றில் ணகரம் இருக்கும். 1997-இல் சிங்கப்பூரிலும், 1999 பிப்ரவரியில் சென்னையிலும் மாநாடுகள் கூடின. சென்னை மாநாட்டின் பயனாகத் தமிழ்99 விசைப்பலகையையும், டாம், டாப் என்னும் இரு குறியீட்டு முறைகளையும் அவ்வாண்டே தமிழக அரசு தரப்படுத்தியது. ஒரே தரம் வேண்டுமென்று கூடியோர் இரண்டு தரங்களோடு கலைந்தனர் என்றால் கடுமையாகத் தோன்றும், நடந்தது அதுவே. அச்சகங்கள் இரண்டையும் பெரிதும் பொருட்படுத்தாமல் தத்தம் பழைய எழுத்துருக்களையே தொடர்ந்தன.

இதற்கிடையே உலகின் எல்லா மொழிகளுக்கும் தனித்தனி எண்களை ஒதுக்கும் ஒருங்குறி 1991-இல் வெளிவந்தது. யூனிகோடு என்று பலரும் வழங்குவது இதனையே. அதில் தமிழுக்கெனத் தனியிடம் உண்டு. ககரத்துக்குரிய எண் புதுக்கோட்டையிலும் துபாயிலும் ஒன்றே. எந்த எழுத்துருவை மாற்றினாலும் ககரம் ககரமாகவே நிற்கும். விண்டோஸ் 2000 இயங்குதளத்தில் ஒருங்குறித் தமிழ் முதன்முதலாக இடம்பெற்றது. அடுத்து வந்த எக்ஸ்பியில் அதனை நாமே நிறுவிக்கொள்ள வேண்டியிருந்தது. அதற்குக் குறுந்தகடு கேட்கும். கடையில் கணினி வாங்கியோர் பலரிடம் அக்குறுந்தகடு இராது. ஒரு சுவையான செய்தி: தமிழ் முதலிய எழுத்துகளுக்கும் வலமிருந்து இடமாக எழுதும் மொழிகளுக்கும் அதில் ஒரே பெட்டியில்தான் குறியிட வேண்டும். தமிழை நிறுவியவருக்கு அரபியும் கூடவே வந்து சேர்ந்தது. ஒரே கட்டுரையில் தமிழும் அரபியும் அடுத்தடுத்து வரும் நம் போன்றோர்க்கு இதன் அருமை புரியும். பழைய எழுத்துருக் காலத்தில் அரபி வரியைத் தனியே எழுதி, படமாக்கி, வெட்டி ஒட்டவேண்டியிருந்தது.

2010-இல் தமிழக அரசு ஒருங்குறியைத் தரமாக ஏற்றது. ஒருங்குறி இயங்காத இடங்களுக்கு டேஸ்16 என்னும் முறையையும் ஒப்புக்கொண்டது. ஒருங்குறியிலும் குறை இல்லாமல் இல்லை. அதன் வரிசையில் நகரத்தை அடுத்து னகரம் நிற்கிறது; சகரத்துக்கும் ஞகரத்துக்கும் இடையே ஜகரம் புகுந்திருக்கிறது. தொல்காப்பியம் பயிலும் மாணவர் இவ்வரிசையை ஏற்கமாட்டார். நல்ல மென்பொருள் அகர வரிசையைத் தானே சரிசெய்துகொள்ளும். எல்லா மென்பொருளும் நல்லவை அல்ல. இக்குறைகளோடும் கூட, இன்று கட்டுரை எழுதத் தொடங்குவோர் ஒருங்குறியன்றி வேறொன்றைத் தேர்வதற்குக் காரணமே இல்லை.

அவ்வாறாயின் பாமினி ஏன் இன்னும் உயிரோடிருக்கிறது? விடை அச்சகத்தில் இருக்கிறது.

நம் ஊர்களில் திருமண அழைப்பிதழும் மலரும் நூலும் நெடுங்காலம் பேஜ்மேக்கரில்தான் உருவாயின. அதன் கடைசிப் பதிப்பு 2001-இல் வந்ததோடு சரி. அதற்கு ஒருங்குறித் தமிழைக் கையாளத் தெரியாது. பின்வந்த பக்க வடிவமைப்பு மென்பொருள்களின் பழைய பதிப்புகளிலும் ஒருங்குறித் தமிழை இட்டால் கொம்பு ஒரு பக்கமும் எழுத்து ஒரு பக்கமுமாகச் சிதறும். காரணம் இது: ‘கெ’ என்னும் எழுத்தை நாம் எழுதும்போது கொம்பு முன்னும் ககரம் பின்னும் வரும். பழைய எழுத்துருக்கள் கண்ணுக்குத் தெரியும் அதே வரிசையில் எண்களைச் சேமித்தன. ஒருங்குறியோ ஒலிப்பு முறைப்படி ககரத்தை முதலிலும் எகரக் குறியைப் பின்னும் சேமிக்கிறது. கொம்பை முன்னே கொண்டுவந்து வரைவது மென்பொருளின் பொறுப்பு. அப்பொறுப்பை அறியாத மென்பொருளில் சொல் குலையும். புதிய பதிப்புகளில் இதற்கு வழி உண்டு. ஆனால் இருபது ஆண்டுகளாகக் கைவந்த கருவியையும், வாங்கிச் சேர்த்த நூற்றுக்கணக்கான அலங்கார எழுத்துருக்களையும் சிறு அச்சகத்தார் எளிதில் துறப்பாரா? பொருளாதாரமும் அதில் இருக்கிறது. அவரைப் பழித்துப் பயனில்லை.

ஆகவே நடைமுறையில் நிகழ்வது இது. ஆசிரியர் ஒருங்குறியில் கட்டுரை தருகிறார். அச்சகத்தார் மாற்றி என்னும் மென்பொருள் கொண்டு அதனைப் பழைய எழுத்துருவுக்கு மாற்றுகிறார். இடையிலுள்ள ஆங்கிலச் சொற்கள் வேடமிட்டுத் தமிழ்க் குப்பையாகின்றன. அரபி வரிகள் மறைகின்றன. பின்னர் மெய்ப்பு வருகிறது. துறைத்தலைவர் சிவப்பு மையால் திருத்துகிறார். ஒற்று மிகுமிடம், மிகாவிடம், ஆண்டுப் பிழை, பெயர்ப் பிழை அனைத்தும் அச்சகத்துக் கோப்பில் திருத்தம் பெறுகின்றன. மலர் நன்றாக அச்சாகிறது. ஆனால் நம் கையில் மிஞ்சும் ஒருங்குறிக் கோப்பு எது? திருத்தம் பெறாத முதற்படி! பிழையற்ற படியோ அச்சகத்துக் கணினியில், பழைய எழுத்துருவில், ஒரு நாள் வன்தட்டு பழுதாகும்வரை இருக்கும். சில ஆண்டுகள் கழித்து அக்கட்டுரையை நூலில் சேர்க்க விரும்புவோர், திருத்திய பிழைகளையெல்லாம் மீண்டும் திருத்துகிறார். அல்லது திருத்தாமலே அச்சிடுகிறார். மலர் வேலையில் மிகப் பெரிய இழப்பு இதுவே என்பது என் கருத்து. இதற்கு மருந்து மிக எளியது. அச்சு முடிந்த அன்றே அச்சகத்தாரிடம் இறுதிக் கோப்பைக் கேட்டுப் பெற்று, அதனை மீண்டும் ஒருங்குறிக்கு மாற்றி வைத்துக்கொள்ளவேண்டும். என்எச்எம் மாற்றி, பொங்குதமிழ் போன்றவை இதற்கென்றே எழுந்தவை. கூலி பேசும்போதே இதனையும் பேசிவிடுவது நன்று.

‘பிடிஎஃப் கோப்பு இருக்கிறதே, போதாதா?’ என்று கேட்போர் உண்டு. பிடிஎஃப் கண்ணுக்குத் தமிழாகத் தோன்றும்; உள்ளே இருப்பது பழைய எழுத்துருவாயின், அதில் ஒரு சொல்லைத் தேடினால் கிடைக்காது. சோதிப்பது எளிது. ஒரு வரியை நகலெடுத்துக் கைப்பேசிச் செய்தியில் ஒட்டிப் பாருங்கள். வரி வரியாகவே வந்தால் அது எழுத்து. குப்பையாக வந்தால் அது வேடம்.

பெயர்களைப் பற்றித் தனியே சொல்லவேண்டும். பாத்திமா, ஃபாத்திமா, பாத்திமாஹ் என்று ஒரே பெயர் மூவகையாக எழுதப்படும்போது, மனிதர்க்கு ஐயம் எழுவதில்லை. கணினிக்கு அவர்கள் மூவர். ஆங்கிலத்தில் தட்டிய பெயரைப் பொறியே தமிழாக்கும் இடங்களில் தகரமும் டகரமும், நெடிலும் குறிலும் மயங்கிக் காதர் கடேர் ஆவதும் உண்டு. 2017-இல் தமிழகத்தில் மின்னணுக் குடும்ப அட்டைகள் வழங்கப்பட்டபோது பெயர்ப் பிழைகளால் மக்கள் அலைந்தது பலரும் அறிந்ததே. உதவித்தொகை விண்ணப்பத்தில் ஒரு வகையாகவும் மதிப்பெண் சான்றிதழில் மற்றொரு வகையாகவும் பெயர் நின்றால், அல்லல் மாணவருக்கே. படிவம் நிரப்பும்போது ஒலிபெயர்ப்பை நம்பாமல், சான்றிதழில் உள்ளவாறே தமிழில் நேரடியாகத் தட்டுவது பாதுகாப்பு.

நேரடியாகத் தட்டுவதற்கு எந்த விசைப்பலகை? தட்டச்சுப் பயிலகத்தில் தேர்ச்சி பெற்ற பெரியோர் தட்டச்சு முறையிலேயே ஒருங்குறியைத் தட்டலாம். எழுத்துரு மாறுவதால் விரல் பழக்கம் மாறவேண்டியதில்லை. இதனை அறியாமல்தான் பலர் பாமினியை விடமுடியவில்லை என்கின்றனர். புதிதாகக் கற்கும் மாணவர்க்குத் தமிழ்99 சிறந்தது. உயிர் பன்னிரண்டு, மெய் பதினெட்டு, புள்ளி ஒன்று ஆக 31 பொத்தான்களில் தமிழ் முழுவதும் அடங்கும். நன்னூல் கற்றவர்க்கு உயிர்மெய்ப் புணர்ச்சியே விசைப்பலகையாக வந்தாற்போலிருக்கும். அ, ம, ம, ஆ என நான்கு தட்டில் ‘அம்மா’ வந்துவிடும். இரட்டிக்கும் மெய்க்குப் புள்ளியை மென்பொருளே இடுகிறது. ஆங்கில ஒலிப்பு முறையில் கற்பவர் ரகர றகரத்துக்கும், லகர ளகர ழகரத்துக்கும் ஆங்கிலத்தின் வழியாகவே சுற்றிவரவேண்டும். முன்பு தனி மென்பொருள் தேடவேண்டியிருந்த தமிழ்99 இன்று விண்டோஸிலேயே இருக்கிறது. நம் மாவட்டத்தில் கணினித் தமிழ்ச் சங்கத்தார் ஆசிரியர்களுக்குப் பயிற்சிகள் நடத்தியதும், 2015 அக்டோபர் 11 அன்று புதுக்கோட்டையில் தமிழ் வலைப்பதிவர் திருவிழா நடந்ததும் இத்துறையில் நமக்குள்ள முன்னோட்டம்.

தட்ட இயலாத பெரியோர்க்குக் கைப்பேசியில் பேசி எழுதும் வசதி 2017 முதல் தமிழிலும் உண்டு. பேச்சுத் தமிழைவிடச் செந்தமிழை அது நன்கு பிடிக்கிறது என்பது மேடைப் பேச்சாளர்க்கு மகிழ்ச்சி தரலாம். சந்திப் பிழைகளை மட்டும் பின்னர் ஒருவர் உடனிருந்து திருத்தவேண்டும்.

இனிப் பழைய மலர்கள். சித்தன்னவாசல் குன்றின் தமிழிக் கல்வெட்டு ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டு கடந்தும் படிக்கக் கிடைக்கிறது. தொண்ணூறுகளில் நெகிழ்வட்டில் சேமித்த கட்டுரையைப் படிக்க இன்று வட்டைச் செருகும் பொறியே இல்லை. அச்சுப் படி இருந்தால் அச்சமில்லை. கைப்பேசியால் நேராகப் படம் பிடித்து, கூகுள் வழங்கும் எழுத்துணரியில் இட்டால் பெரும்பகுதி ஒருங்குறித் தமிழாக வந்துவிடும். தமிழ் விக்கிமூலத்தில் பழைய நூல்கள் பல இம்முறையில் ஏறின. மங்கிய தாளில் ரகரமும் துணைக்காலும் மயங்கும்; ஒப்புநோக்கவேண்டும்.

கோப்பு கிடைத்து எழுத்துரு மட்டும் தெரியவில்லையாயின், வேர்டில் திறந்து எழுத்துருப் பெட்டியைப் பாருங்கள். அவ்வெழுத்துரு கணினியில் இல்லாவிடினும் அதன் பெயர் அங்கே நிற்கும்; மாற்றியில் அப்பெயரைத் தேர்ந்தால் போதும். பெயரும் இல்லாத வெற்றுக் கோப்பாயின், தமிழ்த்துறைக் கட்டுரையில் ‘தமிழ்’ என்னும் சொல் எங்கேனும் இராமற் போகாது. ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்னும் ஐந்து குறிகள் அவ்வரிசையில் அடிக்கடி தென்பட்டால் அது பாமினி, மாற்றியில் இடுங்கள்.