உரமானியம் யார் கைக்கு?

வெள்ளவத்தைக் கடையொன்றில் அரிசி கிலோவுக்கு ஐந்து ரூபாய் ஏறினால், அன்றிரவு வீடுதோறும் அதுவே பேச்சு. அந்த அரிசியை விளைவிக்கும் கமக்காரருக்கு அரசாங்கம் கொடுக்கும் உதவியைப்பற்றியோ நாம் பேசுவது அரிது. இவ்விரண்டும் ஒரே கணக்கின் இரு பக்கங்கள் என்பதை முதியோர் அறிவர்.

1950 களில் அரசாங்கம் ஒரு புசல் நெல்லை 12 ரூபாய் உத்தரவாத விலைக்கு வாங்கியது. பங்கீட்டு அரிசியையோ கொத்து 25 சதத்துக்குக் கொடுத்தது. 1953 இல் அவ்விலையை 70 சதமாக உயர்த்தியதும், ஆகஸ்டு 12 ஆந் தேதி நாடெங்கும் ஹர்த்தால் வெடித்தது. மந்திரிசபை கொழும்புத் துறைமுகத்தில், கொட்டாஞ்சேனைக்கு வெகு அண்மையில், ஒரு பிரித்தானியப் போர்க்கப்பலிற் கூடியது! அவ்வருடம் அக்டோபரில் பிரதமர் டட்லி சேனநாயக்கா பதவி துறந்தார்.

உரமானியம் 1962 இல் தொடங்கியது. 1990 இல் நின்று, 1994 இல் மீண்டது. 2005 முதல் 50 கிலோ மூடை 350 ரூபாய்க்குக் கிடைத்தது. மலிந்த பொருள் வயலில் அளவுக்கு மிஞ்சி விழுவதும், வேறு பயிர்களுக்கு வழிமாறிச் செல்வதும் இயல்பே. ஆதலால் 2016 இல் மூடைக்குப் பதிலாகப் பணம் வந்தது: ஹெக்டேயருக்கு ஆண்டொன்றுக்கு 25,000 ரூபாய். பணம் பிந்துகிறதென்ற முறைப்பாடும் உடன் வந்தது. நெற்பயிர் வங்கிக் கணக்கைப் பார்த்துக்கொண்டு நிற்குமா? 2018 இல் மீண்டும் மூடை. 2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதிக்கே தடை! நவம்பரில் தடை நீங்கிய போதிலும், அடுத்த அறுவடை வெகுவாகக் குறைந்தது. 1953 ஐப் படித்த மந்திரிமார் அங்கே எவரும் இருக்கவில்லை போலும்.

பின்னர் மீண்டும் பணமே வந்தது. 2024 பெரும்போகத்துக்கு அத்தொகை ஹெக்டேயருக்கு 15,000 ரூபாயிலிருந்து 25,000 ஆக உயர்ந்தது. உச்சவரம்பு இரண்டு ஹெக்டேயர். மாணவர்கள் கணக்கிட்டுப் பார்க்கலாம்: ஒரு ஹெக்டேயர் ஏறக்குறைய இரண்டரை ஏக்கர். ஏக்கருக்குப் பத்தாயிரம் ரூபாய். வயலில் ஐந்து ஏக்கருக்கு மேற்பட்ட பகுதிக்கு ஒன்றுமில்லை.

இப்பணம் எவர் கணக்கிற் சேருகிறது? இக்கேள்வி நம் வீட்டு வாசலுக்கே வருகிறது. கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் வயல் வைத்துக்கொண்டு வெள்ளவத்தையில் வாழ்வோர் நம்மிற் பலர். கனடாவில் இருப்போரும் உளர். உழுபவர் வேறொருவர். குத்தகை பெரும்பாலும் வாய்ச்சொல், எழுத்தில்லை. கமநல சேவை நிலையத்துப் பதிவேட்டிலே உழுபவரின் பெயர் ஏறாவிடின், உரத்துக்கென வந்த உதவி அவருக்குக் கிட்டாமற் போகலாம். அவரோ கடனுக்கு யூரியா வாங்கி, அறுவடையன்று களத்திலேயே நெல்லைக் கடன்காரனுக்கு அளக்கிறார். குத்தகை நெல்லும் மானியப் பணமும் ஒருவருக்கே சேருமாயின், அதை உரமானியம் என்று எவ்வாறு சொல்வது?

குத்தகைக்காரரைக் காப்பதற்கென 1958 இல் பிலிப் குணவர்த்தனா நெற்காணிச் சட்டத்தைக் கொண்டுவந்தார். அச்சத்தினாலே பல உரிமையாளர் இன்றும் எதையும் எழுதிக் கொடுப்பதில்லை. அவ்வச்சம் முற்றும் ஆதாரமற்றதென நாம் சொல்லமாட்டோம். ஆயினும் ஒரு போகத்துக்கு மட்டும், இன்ன ஏக்கரை இன்னார் செய்கிறார் என்று நாள் குறித்து எழுதிக் கொடுக்கலாமே. மழைக்கு முன்னர் கூடும் பயிர்ச்செய்கைக் கூட்டத்துக்கு அவர் அக்கடிதத்துடன் செல்லட்டும்.